ஆணியோடு வந்த தாத்தா

நூம்பலில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் சம்பந்தத்துக்கு, அறுபது வயது வரை தன் தாத்தாவைப் பற்றிப் பெரிய அக்கறை எதுவும் இருந்ததில்லை. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆண்கள் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். சிலர் நடப்பார்கள். சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். சிலர் மனைவியின் சமையலறைக்குள் நுழைந்து பருப்பு டப்பாக்களை உயர வாரியாக அடுக்குவார்கள். சம்பந்தம் மூன்றாவதைச் செய்து பார்த்தார். மூன்றே நாளில் மனைவி ரேணுகா அவரை வெளியே அனுப்பிவிட்டாள். போக்கிடம் இல்லாமல் மனிதர் வரலாற்றுக்குள் புகுந்தார்.

இதற்கு ஓர் உடனடிக் காரணமும் இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவில், ஒவ்வொருவரும் எழுந்து பெயரையும் சொந்த ஊரையும் சொல்ல வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ யோசனை சொல்லிவிட்டான். கணினிக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வரிசையாக எழுந்தார்கள். ஒருவன் ஓமலூர், ஒருத்தி மன்னார்குடி, இன்னொருவன் ஆறுமுகநேரி. கடைசியாக அந்த ஊரில் கால் வைத்தது எப்போது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது. சம்பந்தம் எழுந்து ‘ஆவடி’ என்றார். அது சரி சார், சொந்த ஊர் எது என்றான் மைக்கைப் பிடித்திருந்தவன். ஆவடிதான் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பாவம். தவறான பஸ்ஸில் ஏறியவரைப் பார்த்துச் சிரிப்போமே, அந்த மாதிரிதான். ஆனால் மனிதர் பொங்கலைத் தொடாமல் மாடி ஏறிவிட்டார்.

அந்தக் கேள்வி அவருக்கு ஐம்பது வருஷப் பகை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் அவர். அங்கே குடியிருந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். தீபாவளி, பொங்கல் என்றால் தகரப் பெட்டியோடு மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள். முழு லைனும் பூட்டிக் கிடக்கும். சம்பந்தத்தின் வீடு மட்டும் திறந்திருக்கும். அப்பா சுப்பராயன், அம்மா நாகம்மாள், அக்கா ராஜகுமாரி, இவர் ஆகிய நாலு பேரும் அடுத்த வீட்டுக் கோழிகளுக்கு அரிசி போட்டு, எதிர்வீட்டுக் கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த நாலு நாளை ஓட்டுவார்கள். விளையாட ஆள் கிடையாது. ஊரிலிருந்து திரும்பி வரும் பையன்கள் தாத்தா வீட்டுக் கிணறு, மாமா வீட்டு மாடு என்று ஒரு மாதம் அளப்பார்கள். நம்ம ஊர் எது என்று அப்பாவைக் கேட்டால், ‘அங்க ஒண்ணும் இல்லப்பா’ என்று சொல்லிவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சம்பந்தத்துக்கு அந்த நாலு நாளும் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

ஆனால் அவரிடம் ஒரு சொத்து இருந்தது. கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்ட கறுப்புச் சட்டத்துக்குள், தாத்தாவின் புகைப்படம். தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் போட்ட நீண்ட கோட்டு, முறுக்கிய மீசை, நறுக்கிவிட்ட குறுந்தாடி, இடுப்பில் ஒரு வாள். ஊரிலிருந்து திரும்பிய பையன்கள் கிணற்றையும் மாட்டையும் பற்றிச் சொல்லும்போது, சிறுவன் சம்பந்தம் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்த வாளைக் காட்டுவான். கிணறும் மாடும் அத்தோடு அடங்கிவிடும். அம்மா தினமும் கண்ணாடிமேல் குங்குமம் வைப்பாள். அமாவாசை தவறாமல் அப்பா இலை போட்டு வடை, பாயசத்தோடு படைத்துவிட்டு, படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். தொழிற்சாலையில் யாருக்கும் குனியாத மனிதர் அந்தப் படத்துக்கு மட்டும் தரையில் விழுந்து கும்பிடுவார்.

வாள் வைத்திருப்பவர் வேறு யாராக இருக்க முடியும்? ஜமீன்தார்தான். பங்காளிச் சண்டையில் மனம் வெறுத்து, சொத்து சுகம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஜமீன்தாரின் ஒரே மகன் சுப்பராயன் ஆவடிக்கு வந்து ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டு எண்ணினார். சம்பந்தம் இந்த வரலாற்றைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு காப்பி குடிக்கிற நேரம். ஆதாரம் தேடத்தான் இரண்டு வருஷம் ஆனது.

ஜமீன் எங்கே இருந்தது? திருமழிசைப் பக்கம்தான் என்று தீர்மானித்தார். ஏன் திருமழிசை என்று ரேணுகா கேட்டபோது அங்கே ஏதோ ஓர் ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னார். வேலப்பன்சாவடியில் ஏறினால் ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம் என்பதைத் தவிர வேறு ஈர்ப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வாரம் இருமுறை குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போவார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடம் படத்தைக் காட்டுவார். டீ வாங்கித் தந்தால் கிழவர்களும் ஆமாம், பார்த்த முகமாகத்தான் இருக்கிறது என்பார்கள். தொழிற்பேட்டைக்குள் இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே இடிந்த சுவர் ஒன்றைக் கண்டுபிடித்து, அது அரண்மனையின் வடக்கு மதில் என்று எழுதிக்கொண்டார். மூடிப்போன பிளாஸ்டிக் கம்பெனியின் காம்பவுண்டு சுவர் அது என்று வாட்ச்மேன் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. வரலாற்றாசிரியர் எல்லாவற்றையுமா எழுதிக்கொள்ள முடியும்?

இப்படி அறுபது பக்கத்தில் ஒரு நூல் உருவானது. சுப்பராயன் வம்சாவளி என்று பெயர். முன்பாதியில் ஜமீன், பின்பாதியில் சம்பந்தத்தின் பிள்ளைப் பிராய நினைவுகள். அக்கா ராஜகுமாரிக்கு அதில் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது: மூத்த சகோதரி, இல்லத்தரசி, அம்பத்தூர். திருமழிசையின் அத்தனை டீக்கடைகளிலும் விசாரித்தவர், குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை மூன்று வயது கூடுதலாகப் பார்த்த அக்காவிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? அவள் புத்தகமா படித்திருக்கிறாள்?

படத்தைப் பற்றி அவர் எழுதியிருந்த பத்தியை இங்கே கொஞ்சம் தருகிறேன். ‘தீட்சண்யமான பார்வை. வலது கை வாளின் பிடியில். நடுவிரலில் அரச முத்திரை மோதிரம். ஆணைகளில் பதிக்கப்பட்டு நாற்பது கிராமங்களை ஆட்டிவைத்த மோதிரம் அது.’ இந்தப் பத்தியை ரேணுகாவிடம் படித்துக் காட்டியபோது அவருக்கே கண் கலங்கியது. ரேணுகா, மோதிரம் ஏன் விரல் நுனியில் இருக்கிறது என்று கேட்டாள். பெண்களுக்கு வரலாற்று நோக்கு கிடையாது என்று சம்பந்தம் முடிவு செய்தார்.

நூல் வெளியீட்டு விழாவுக்குக் குமணன்சாவடியில் ஒரு சின்ன மண்டபம் பேசினார்கள். சங்கத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அழைப்பு. சொந்த ஊர் கேட்டவனுக்கு முதல் வரிசையில் நாற்காலி. நூலின் அட்டை அச்சாகி வந்தது. முழு அட்டையிலும் தாத்தா. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆசை அடங்காமல், அந்த அட்டையைப் பழைய குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் போட்டார். எங்கள் தாத்தா, திருமழிசை ஜமீன்தார் என்று அடியில் எழுதினார். நாற்பத்தேழு கும்பிடு கைகள் வந்து விழுந்தன. யாரோ அதை வேறு குழுவுக்குத் தள்ள, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போக, மறுநாள் காலையில் பூந்தமல்லியிலிருந்து ஒரு போன் வந்தது.

பேசியது ஜமீலா. அறுபத்தேழு வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. குரலில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நிதானம். தன் அத்தா அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்றும், 1967இல் வடக்கே மாற்றலாகிப் போனபோது வீட்டைக் காலி செய்த அவசரத்தில், படத்தை அம்மா எடுத்திருப்பாள் என்று அத்தாவும் அத்தா எடுத்திருப்பார் என்று அம்மாவும் நினைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து லீவில் வந்து விசாரித்தபோது, அந்தக் குவார்ட்டரில் வேறு யாரோ இருந்தார்கள். அதற்கு முன் இருந்தவர்கள் பெரிய குவார்ட்டருக்குப் போய்விட்டார்கள், படத்தைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தா சாகும்வரை அதைச் சொல்லி வருத்தப்பட்டாராம்.

“அது எங்க அத்தாவோட அப்பா சார். எங்ககிட்ட அவர் படம் வேற ஒண்ணுமே இல்ல” என்றார்.

சம்பந்தம் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, ஜமீன் சொத்து என்றதும் உரிமை கொண்டாட ஆள் கிளம்பிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். எந்த ஜமீன், எந்தச் சொத்து? காம்பவுண்டு சுவர்தான். தாத்தாவின் கையில் இருக்கும் வாளைப் பாருங்கள், அரச முத்திரை மோதிரத்தைப் பாருங்கள், உங்கள் தாத்தா எந்த நாட்டுக்கு ராஜா என்று கேட்டார். அந்தம்மா கோபப்படவில்லை. வாள் ஸ்டூடியோக்காரனுடையது, தகரம் என்றார். தலைப்பாகையும் அவனுடையது. கோட்டு மட்டும் தாத்தா தைத்தது. அதுவும் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குத் தைத்தது, கொடுக்கப் போகிற வழியில் போட்டுப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையற்காரர் அவர்.

“அந்த விரல பெருசு பண்ணிப் பாருங்க சார். அது மோதிரம் இல்ல. ஊசி குத்தாம இருக்க மாட்டிப்பாங்களே, அது. கழட்ட மறந்துட்டார்னு எங்க அத்தா சொல்லிச் சிரிப்பார்.”

போனை வைத்துவிட்டு சம்பந்தம் நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, பால்கனி வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நடுவிரல் நுனியில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புத் தொப்பி. அதன்மேல் பொடிப் பொடியாகப் பள்ளங்கள். நாற்பது கிராமங்களையும் ஆட்டிவைத்த மோதிரம். ரேணுகா எட்டிப் பார்த்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

விடுவாரா? சாட்சி வேண்டும் என்று அன்று மாலையே அம்பத்தூருக்கு அக்காவிடம் ஓடினார். இரண்டு வருஷ ஆராய்ச்சியில் அக்கா வீட்டுக்கு அது முதல் பயணம். ராஜகுமாரி அம்பத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கத்திய பேச்சே அவள் பேச்சாகிப் போனவள். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி மூச்சுவிடாமல் கொட்டியதையெல்லாம் கேட்டாள். கீரையை முறத்தில் தள்ளினாள். அப்புறம் அந்த வீட்டுக்குள் போன முதல் நாளைச் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து.

குவார்ட்டர் சாவி கிடைத்து உள்ளே போனால் சுவரில் வெள்ளைகூட அடிக்கவில்லை. கூடத்தில் ஓர் ஆணி. அதில் இந்தப் படம். இறக்கி வைக்கலாம் என்று அம்மா கை நீட்டும்போது, அடுத்த வீட்டு எல்லம்மா ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே வந்தாள். அவளும் அந்த லைனுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நலம் விசாரித்தாள். எந்த ஊர் என்றாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் படத்தைப் பார்த்து இது யார் என்றாள்.

அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது சம்பந்தத்துக்குத் தெரியாது. அதையும் அக்காதான் சொன்னாள். அப்பா ஓர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். யாரோ வாசலில் விட்டுப் போன குழந்தை. சுப்பராயன் என்ற பெயரே விடுதிச் சமையற்காரர் வைத்தது. அப்பன் பெயர் தெரியாதவனைக் கட்டிக்கொண்டாள் என்று அம்மாவின் வீட்டார் அவளைத் தலை முழுகிவிட்டார்கள். கல்யாணத்தன்று கோயில் வாசல் வரை வந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்களாம். அந்த வார்த்தை அம்மாவின் நெஞ்சில் ஆறாமலே இருந்திருக்கிறது.

“எல்லம்மா கேட்டதும் அம்மா சட்டுனு, ‘எங்க மாமனாரு’ன்னு சொல்டுச்சு. அம்புட்டுதான்டா. சாயங்காலம் எல்லம்மா ஊட்டுக்காரரு அப்பாவாண்ட, உங்கப்பா நல்லா ராஜா மாதிரி கீறாருன்னாரு. அப்பா அம்மாவப் பாத்தாரு. படத்தப் பாத்தாரு. ஆமாங்கன்னாரு.”

அடுத்த அமாவாசைக்கு அம்மா இலை போட்டாள். எல்லம்மா பார்க்கிறாளே, போடாமல் இருக்க முடியுமா? பொய் சொன்னவளுக்கு வடை சுடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. முதல் தடவை அப்பா வெட்கப்பட்டு நின்றாராம். பிறகு நிற்பது வழக்கமாயிற்று. பிறகு கும்பிடுவதும். பெரிய குவார்ட்டருக்கு மாறியபோது அம்மா, எல்லம்மாதான் இங்கே இல்லையே, படத்தை விட்டுவிடலாம் என்றிருக்கிறாள். அப்பா படத்தைப் போர்வையில் சுற்றி, மாட்டுவண்டியில் ஏற்றாமல், கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தாராம். அந்த வண்டியில் ஏறியிருந்த குழந்தைகளில் ஒன்று சம்பந்தம். ஆனால் சம்பந்தத்தின் நினைவுகளில் அந்தக் காட்சி கிடையாது. அவருடைய நினைவுகளில் குதிரை வண்டி வரும்.

ஐம்பத்தேழு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று சம்பந்தம் கத்தினார்.

“நீ எப்போடா கேட்ட? எப்போ வந்தாலும் நீ எனக்கு இல்ல கதை சொல்லிக்கினு இருந்த” என்றாள் ராஜகுமாரி. பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அச்சகத்துக்கும் மண்டபத்துக்கும் போன் போய்விட்டது. விழாவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடம் வைரஸ் காய்ச்சல் என்று சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. படத்தைக் கொடுத்துவிடலாம் என்று ரேணுகா சொன்னாள். கொடுக்கத்தான் வேண்டும் என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தார். யோசித்துப் பாருங்கள், கொடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்? ஜமீன் போயிற்று, சரி, அது எப்போதும் இருந்ததில்லை. ஆனால் தாத்தா என்று சொல்லிக்கொள்ள ஒரு முகம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால், அப்பாவுக்கு மேலே வெறும் சுவர்தான். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் திடீரென்று யாருமில்லாத வீட்டுப் பிள்ளையாக ஆவது கஷ்டம்தான். நான் கேலி செய்யவில்லை. மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகுமாரி அம்பத்தூரிலிருந்து தானாகவே வந்து இறங்கினாள். தம்பியை நம்பினால் படம் பூந்தமல்லி போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். படத்தைத் துவாலையில் சுற்றினார்கள். சுற்றுவதற்கு முன் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைக்கப் பார்த்தாள் ரேணுகா. ஓரத்தில் இறுகிப்போனது வரவே இல்லை. அந்தம்மா கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தை சம்பந்தம் வழி நெடுக ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜமீலா டீச்சரின் வீடு பூந்தமல்லியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவர் துவாலையைப் பிரித்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பத்து வயதில் கடைசியாகப் பார்த்த முகம். விரல் நுனியிலிருந்த இரும்புத் தொப்பியைத் தன் விரலால் தொட்டார். ஓரத்துக் குங்குமத்தையும் பார்த்தார். சம்பந்தம் அவசர அவசரமாக, அமாவாசை, வடை, பாயசம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

“உசுரோட இருந்தப்ப அவருக்கு யாரும் இவ்வளவு மரியாதை பண்ணல சார். கோட்டு லேட்டாச்சுன்னு திட்டத்தான் வருவாங்க” என்றார் அந்தம்மா. சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

படத்தின் அடியில் ஸ்டூடியோ பெயரும் வருஷமும் இருக்கும் என்று அத்தா சொல்வாராம். சட்டம் அதை மறைத்திருந்தது. பார்க்கலாமா என்று கேட்டார். சம்பந்தம் சட்டத்தைக் குப்புறப் போட்டு, துருப்பிடித்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, பின்பலகையை எடுத்தார். பலகையின் உட்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் சாமான்களுக்குக் கட்டும் பழுப்பு அட்டையிலிருந்து நறுக்கியது. எழுத்தைப் பார்த்ததும் சம்பந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்து. என் மூக்குக்கண்ணாடி உள்ளே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார் ஜமீலா டீச்சர்.

அவர் ஆபீஸ் குரலில் ஆரம்பித்தார். ‘குவார்ட்டர் எண் 114/3, கூடத்தில் இருந்தது. முன்பு குடியிருந்தவருடையது. உரியவர் வந்து கேட்டால் ஒப்படைக்க வேண்டும். சு. 12.6.67.’

இவ்வளவையும் குறுக்கே அடித்திருந்தது. ஸ்டோர்ஸில் எழுதியதை அழிக்கக் கூடாது. சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. தவறான பதிவு என்றால் ஒற்றைக் கோடு போட வேண்டும். பழைய எழுத்து அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட்டு, தேதி போட வேண்டும். சுப்பராயன் விதிப்படியே செய்திருந்தார். ஒற்றைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அதன் கீழே வேறு மையில் இரண்டே வார்த்தை. சம்பந்தம் வாயைத் திறந்தார். அறுபது பக்கம் வம்சாவளி எழுதியவருக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. ராஜகுமாரி பலகையை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

“என் தகப்பனார். சு. 3.9.74.”

அன்றைக்கு என்ன நடந்தது? ராஜகுமாரிக்கு அப்போது பதினைந்து வயது. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து போனில் பழைய காலண்டரைத் தேடினார். அமாவாசை இல்லை, பண்டிகை இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போய்விட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் சட்டத்தைப் பிரித்து, கோடு போட்டு, எழுதி, மறுபடி ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். நாற்பது வயதை நெருங்கிய மனிதர். சம்பந்தம் அழுதார். அப்பா செத்தபோது பெரிய மனிதனாக நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு தையற்காரரின் பேத்தி வீட்டில் வெட்கமில்லாமல் அழுதார்.

சீட்டைப் பிரித்துத் தரட்டுமா, அது உங்களுடையது என்றார் ஜமீலா டீச்சர். சம்பந்தம் வேண்டாம் என்று தலையசைத்து, ஒரு பேனா கேட்டார். ஒரு பொருளைக் கைமாற்றினால் சீட்டில் எழுதியாக வேண்டும். மேலே இருக்கும் பதிவை அடித்து, கையொப்பமிட்டு, பிறகுதான் ஒப்படைப்பை எழுத வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். ஒரு பதிவுகூடத் தவறாகப் போட்டதில்லை. பேனா ‘என் தகப்பனார்’ மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, காலியாக இருந்த இடத்தில், உரியவரிடம் ஒப்படைத்தேன் என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டது. பெற்றுக்கொண்டேன் என்று ஜமீலா டீச்சர் எழுதினார். மேலே இருந்த அந்த வரியை இரண்டு பேருமே தொடவில்லை.

பலகையை வைத்து ஆணிகளைத் திரும்ப அடித்தார்கள். சீட்டு உள்ளேயே இருக்கிறது. எந்த ஆடிட்டர் பார்த்தாலும் அது தவறான பதிவு. அந்தச் சீட்டின்படி, பூந்தமல்லியில் ஜமீலா டீச்சர் வீட்டுச் சுவரில் இருக்கும் தையற்காரர் இன்றைக்கும் சுப்பராயனின் தகப்பனார்தான்.